காலி வீட்டில் பாத்திரச் சத்தம்

இன்று காலை எட்டாம் வகுப்புக்குள் நுழைந்தபோது நீலகிரித் தைலம் மணத்தது. டெல்லிக் குளிர் தொடங்கிவிட்டால் உன் கைக்குட்டையில் எப்போதும் இருக்கும் மணம். யாருக்காவது சளியா என்று பிள்ளைகளைக் கேட்டேன். இல்லை என்றார்கள். ஜன்னலுக்கு வெளியே எதிர்க் கட்டடம்கூடத் தெரியாத அளவுக்குப் புகைமூட்டம்.

ஒரே பள்ளியில் இருவரும் தமிழ் சொல்லிக்கொடுத்தோம். நான் செய்யுள், இலக்கணம் என்று புத்தகத்தோடு போகிறவள். நீயோ வெள்ளிக்கிழமைக் கடைசி வகுப்பைக் கதைக்கென்று எடுத்துக்கொண்டாய். தமிழில் நாலு வரி எழுதவே தடுமாறும் பிள்ளைகள். "முதல்ல வாயால சொல்லட்டும். காதுல விழாத கதை கையில எப்படி வரும்?" என்பாய். ஒரு கதையைத் தொடங்கி, நல்ல இடத்தில் நிறுத்தி, "அடுத்து என்ன ஆச்சு?" என்று கேட்பாய். அதன்பிறகு வாயே திறக்கமாட்டாய். பாதி ஹிந்தி, பாதி தமிழில் யாராவது தொடரும்வரை காத்திருப்பாய். திருத்தவும் மாட்டாய்.

நீ கடைசியாகத் தொடங்கிய கதை சரோஜினி நகரில் நடந்தது. இடிப்பதற்காகக் காலி செய்யச் சொன்ன குவார்ட்டர்ஸ். வீட்டை விட்டுப் போன ஒருத்தி, எதையோ மறந்துவிட்டோம் என்று திரும்பி வருகிறாள். கதவு வெறுமனே சாத்தியிருக்கிறது. உள்ளே, அடுப்படியில் யாரோ பாத்திரம் எடுத்துவைக்கும் சத்தம். அங்கே நிறுத்திவிட்டாய்.

அடுத்த வியாழக்கிழமை மாலை பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது கேட்டேன். "உள்ளே இருக்கறது யாருடி?"

"எனக்கே தெரியலட்டி. நாளைக்குப் பிள்ளைங்க சொல்லட்டும்" என்று சிரித்தாய். உனக்கு மூச்சு வாங்கியது. "காலையிலேர்ந்து ஒரு மாதிரி வெப்ராளமா இருக்கு" என்றாய். மனத்தவிப்புக்கு உன் ஊர் நாகர்கோவிலில் சொல்லும் சொல் அது. உன்னைத் தவிர வேறு யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. மறுநாள் விடிவதற்குள் நீ போய்விட்டாய்.

கொஞ்ச நாள் கழித்து உன் வகுப்பை என்னிடம் கொடுத்தார்கள். பிள்ளைகள் எதுவுமே எழுதவில்லை. பேனாவைப் பிடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார்கள். "மேமோட கதையை நாம முடிப்போமா?" என்று கேட்டுப் பார்த்தேன்.

அனன்யா எழுந்தாள். டெல்லியில் பிறந்தவள், வீட்டில் பேசுவது கோயம்புத்தூர்த் தமிழ். "அது முடிஞ்சிருச்சே மேம்."

"யார் முடிச்சது?"

"மேம்தான். நீங்கெல்லாம் அவங்க வீட்டுக்குப் போயிருந்தீங்கல்ல, அந்த ஃப்ரைடே கடைசி பீரியட்ல வந்து சொன்னாங்க."

ஒருவரும் சிரிக்கவில்லை. "அச்சா... சொல்லு பார்ப்போம்" என்றேன்.

"அவ பையப் பைய உள்ள போனா. அடுப்படில அவங்கம்மா ரெண்டு தட்டு வச்சிட்டு இருந்தாங்க. 'வந்துட்டியாட்டி, உக்காரு'ன்னாங்க. அவளுக்கு இருந்த வெப்ராளம் எல்லாம் போயிருச்சு. கதவை உள்ளேர்ந்து சாத்திக்கிட்டா."

"வெப்ராளம்னா என்னம்மா?"

"பதா நஹி மேம். மேம் அப்படித்தான் சொன்னாங்க."

தண்ணீர் குடித்துவிட்டு அப்போதுதான் உள்ளே வந்த பின்வரிசைப் பையனை வராந்தாவுக்குக் கூட்டிப் போய்த் தனியாகக் கேட்டேன். அதே முடிவு. அதே சொல். நீ சிறுமியாக இருந்தபோதே உன் அம்மா இறந்துவிட்டாள் என்பது எனக்குத் தெரியும். பிள்ளைகளுக்குத் தெரிய வழியே இல்லை.

அதற்குமேல் நான் யாரையும் கேட்கவில்லை. கேட்டால் என்ன பதில் வருமோ என்று பயமாக இருந்தது. வகுப்புக்குத் திரும்பி, "அப்போ எழுதுங்க" என்று மட்டும் சொன்னேன். தலையைக் குனிந்து எல்லோரும் எழுதினார்கள். நீ போனபின் முதல் தடவையாக.

வெள்ளிக்கிழமை வகுப்பு இப்போது என்னுடையது. கதையை நிறுத்திவிட்டு, உன்னைப் போலவே காத்திருக்கப் பழகியிருக்கிறேன். அந்த மௌனத்தை அவசரப்பட்டுக் கலைப்பதில்லை. சில சமயம் ஒரு பிள்ளை நிமிர்ந்து, என்னைத் தாண்டி எனக்குப் பின்னால் பார்க்கும். ஏதோ கேட்டதுபோலத் தலையை ஆட்டிவிட்டு எழுதத் தொடங்கும்.

நான் திரும்பிப் பார்ப்பதில்லை.