புதுப் போனில் உன் குரல்

இந்தப் போனில் இன்னும் மீன் கவிச்சி ஏறவில்லை. அட்டைப்பெட்டியின் புது வாசம்தான் அடிக்கிறது. முகர்ந்ததும் உங்கள் அத்தாவின் பழைய போன் நினைவுக்கு வந்துவிட்டது. பாலித்தீன் பையும் ரப்பர் வளையமுமாக நெத்திலி நாற்றத்தோடு வகுப்புக்கு ஒளித்துக் கொண்டுவருவாயே, அதுதான். அது கடலில் விழுந்துவிட்டது. அன்றிலிருந்து அத்தா வள்ளத்தை இறக்கவில்லை.

இன்று சாயங்காலம் இந்தப் போனை என்னிடம் நீட்டினார். "அது தண்ணி குடிச்சிருச்சும்மா. எம் மக சத்தத்த இதுல ஏத்திக் குடு. விடிஞ்சா கடலுக்குப் போறேன்" என்றார். வாங்கிக்கொண்டேன். கொசுவலைக்குள் அண்ணனின் மடிக்கணினியைத் திறந்து வைத்திருக்கிறேன். அவன் விழித்தால் ராத்திரியில் யார் போன் என்று கேட்பான். அதோடு என் பள்ளிக்கூடம் நின்றுவிடும்.

வலையில் மீன் விழுந்தால் அத்தாவுக்கு நேரம் தெரியாது. ஒருமுறை மேற்கிலிருந்து கச்சான் காற்று தள்ளி, கடல் எல்லை தாண்டிப் போய் மீண்டு வந்தார். அதற்குப் பிறகுதான் நாம் அந்த ப்ரோகிராமை எழுதினோம். புறப்படும்போது என்ன காற்று என்று அழுத்திவிட்டால், திரும்ப வேண்டிய நேரத்தில் கூப்பிடும். எழுதியதை எந்தக் கருவிக்கு ஓடும்படி மாற்றுவது என்பதில்தான் சண்டை. கண்காட்சி வருகிறது, பள்ளிக் கணினிக்குத்தான் முதலில் என்று நான் அடம்பிடித்தேன்.

"அப்ப எங்கத்தா வள்ளத்துல ஒரு மேசையப் போடுவோம். கரண்டுக்கு ஒங்க வீட்டுலருந்து வயர் இழுத்துக்கிட்டு வா புள்ள" என்றாய். எனக்கு முகம் சுருங்கிவிட்டது. "எந்த மெஷினுக்குன்னு கேக்காத. யாரு கையிலன்னு கேளு" என்று தோளில் இடித்தாய்.

போனுக்கே மாற்றினோம். முதலில் அதிர வைத்தோம். இன்ஜின் நடுக்கத்தில் அது அதிர்ந்ததே அத்தாவுக்குத் தெரியவில்லை. எழுத்தை அவரால் வாசிக்க முடியாது. கடைசியில் நீயே கத்திப் பதிந்தாய்: "அத்தா, போதும், திரும்புங்க." காமாலை உன்னைக் கொண்டுபோன பிறகும் அந்தக் குரல்தான் அவரைக் கரைக்குத் திருப்பியது.

பென்டிரைவில் நான் வைத்திருந்த அந்தப் பதிவை இந்தப் போன் ஏற்க மறுக்கிறது. மலிவு விலைப் போன், இதன் கொள்ளளவுக்குப் பதிவு பெரிதாம். வெறும் மணியொலி வைத்தால் உடனே ஓடுகிறது. மணிக்காக வலையை விடுகிற ஆளா உங்கள் அத்தா?

காதில் மாட்டிக்கொண்டு பதிவைக் கேட்டேன். தொடக்கத்தில் "இன்னும் சத்தமா, புள்ள" என்கிறேன் நான். இருவரும் சிரிக்கிறோம், நீ மூச்சு வாங்கிச் சிரிக்கிறாய். அப்புறம்தான் அத்தாவைக் கூப்பிடுகிறாய். அன்றைக்கே இதை வெட்டலாம் என்றேன். "கெடக்கட்டும், அத்தாவும் சிரிக்கட்டும்" என்றாய்.

இப்போது வெட்டினேன். போன் ஏற்றுக்கொண்டது.

விடிகாலைத் தொழுகைக்குப் பாங்கு சொன்னதும் அத்தா போனை வாங்க எங்கள் கொல்லைப் பக்கம் வருவார். நீ கூப்பிடுவது அவர் கையில் போய்விடும். நாம் சிரித்த துண்டு தனியாகக் கிடக்கிறது. அதை எந்தக் கருவிக்கும் மாற்றப்போவதில்லை. அது என் கையில் இருக்கட்டும்.