முதல் சுற்றில் விழுந்த அடி

என் ஆசை அத்தானுக்கு,

நாம் இரண்டு பேரும் சேர்ந்து மோட்டாருக்குச் செப்புக் கம்பிக் காயில் சுற்றிய கடையை இப்போது நான் மட்டும்தான் திறக்கிறேன். உங்க ஸ்டூல் அதே இடத்தில் இருக்கு. ராஜபாளையத்தில் இத்தனை ஜனம் இருந்தும் எனக்குப் பேச ஆளில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூர் ரோட்டு மில் மோட்டார் ஞாபகம் இருக்கா? நீங்க சுற்றியது வருஷக்கணக்கில் ஓடியது. நீங்க கண்ணை மூடிய பிறகு நான் சுற்றியது சீக்கிரமே எரிந்து திரும்பி வந்தது. மறுபடி சுற்றினேன், அதுவும் வந்தது. ஃபோர்மேன் வாசலில் நின்று சத்தம் போட்டார்.

"அண்ணாச்சி கை வேற, ஒங்க கை வேற மதினி. இன்னொருக்க எரிஞ்சா மதுரைக்கு அனுப்பிருவோம், பாத்துக்கிடுங்க."

அந்த மில்லும் போனால் கடையில் வேறென்ன இருக்கு, சொல்லுங்க. அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. உங்க மேலேயும்தான்.

காயிலைப் பிரித்தேன். கரண்ட் உள்ளே நுழைகிற முதல் சில சுற்று மட்டும் கரி. மிச்சமெல்லாம் புதுசு மாதிரி இருந்தது. கடையில் நாள் முழுக்க ஓட்டியும் சூடு ஏறாத மோட்டார் அது.

எரிந்த காயிலைப் பையில் போட்டுக்கொண்டு மில்லுக்கே போனேன். மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்க இன்வெர்ட்டர் என்று புதுப் பெட்டி வாங்கியிருக்கிறார்கள். நீங்க பார்க்காதது. பஞ்சு படக்கூடாதென்று அதைச் சாமி மாதிரி தூரத்துக் கண்ணாடி அறையில் வைத்து, அங்கிருந்து நெடுக வயர் இழுத்திருந்தார்கள். பெட்டியைப் பார்க்க வந்திருந்த இன்ஜினியர் காயிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஒங்க மேல தப்பில்லக்கா. இந்தப் பெட்டி கரண்ட வெட்டி வெட்டி அனுப்புது, ஒவ்வொரு வெட்டும் காயிலுக்கு ஒரு அடி. வயரு நீளமானா அடி கூடிப்போயி விழும். முதச் சுத்துதான் பெரும்பாலும் வாங்கும்."

பெட்டியைத் தூசி புகாத அலமாரியில் வைத்து மோட்டார் பக்கமே கொண்டுவந்தார்கள். நான் முதல் காயிலுக்குத் தடித்த பூச்சுக் கம்பி போட்டு, வார்னிஷை இரண்டு தடவை கொடுத்தேன். தீபாவளி போய்ப் பொங்கலும் வந்துவிட்டது, மோட்டார் திரும்பி வரவில்லை. நேற்று ஃபோர்மேன் வேறொரு மோட்டாரோடு வந்து, "மதினி, இதையும் பாருங்க" என்றார். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை.

சந்தோஷத்தில் உங்க ஸ்டூல் பக்கம் திரும்பிவிட்டேன். யாரிடம் சொல்ல?

வாசலில் யார் சத்தம் போட்டாலும் எழுந்து போவது நீங்கதான். என்ன பேச்சு வாங்கினீங்க என்று சொன்னதே இல்லை, சிரித்துக்கொண்டே உள்ளே வருவீங்க. இத்தனை வருஷமும் முதல் சுற்றில் நீங்கதான் இருந்தீங்களா அத்தான்? நான் உள்ளே புதுசாகவே இருந்திருக்கிறேன்.

இனி வாசலுக்கு நானே போகிறேன். நாளையிலிருந்து உங்க ஸ்டூலில் உட்காருகிறேன்.

என்றும் உங்க கோபக்கார மாமன் மகள்