ஒரு சிட்டிகை மஞ்சள்

பௌர்ணமிக்கு மறுநாள், இரவு.

என் மகள் யாழினியின் ரத்தத்தில் ஈயம் கலந்திருக்கிறது என்று போன வாரம் சொன்ன டாக்டர், அவள் சாப்பிடுவதையெல்லாம் எடுத்துவரச் சொல்லியிருந்தார். இன்று பால் பவுடர், சத்துமாவு, பருப்பு, மஞ்சள் எல்லாம் கொண்டுபோனேன். மஞ்சள் பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தார்.

"இது பூஜை மஞ்சள்ங்க, சாப்பிடறதுக்கு இல்ல. பளிச்சுனு தெரியறதுக்கு ஈயம் இருக்கற சாயம் கலந்திருக்கலாம். அனுப்பிப் பார்த்தாதான் தெரியும்."

மருந்து கேட்டேன்.

"ஈயம் இந்த அளவுல இருந்தா மருந்து கிடையாதுங்க. இதை நிறுத்திட்டு, அடுத்த மாசம் திரும்ப ரத்தம் பாப்போம்."

பௌர்ணமிதோறும் கிரிவலம் போகும் அத்தை, வழியில் வாங்கிச் சாமி முன்னால் வைத்து எடுத்துவரும் மஞ்சள் அது. கடை மஞ்சளில் கலப்படம் என்று பயந்து, பேத்தியின் பருப்புச் சோற்றுக்கு இதைத்தான் போடுவார்.

விஷயத்தைச் சொன்னதும், "சாமிகிட்ட வெச்சுதானேம்மா எடுத்தாந்தேன்?" என்று மட்டும் கேட்டார். நான் யார் மேல் கோபப்படுவது? சாமி மேலா?

சாயங்காலம் மஞ்சள் போடாமல் சோறு பிசைந்து ஊட்டினேன். யாழினி துப்பிவிட்டாள். தூங்கும்வரை அலமாரியில் இருந்த மஞ்சள் டப்பாவைக் காட்டிக் காட்டி அழுதாள்.