சம்பந்தி வீட்டுக்காக அரை மாத்திரை

ஆடி மாதம், செவ்வாய்க்கிழமை இரவு.

எனக்கு எழுதத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல போன் எழுதிக்கொள்கிறது.

இன்று மகன் ஷிப்டை மாற்றிக்கொண்டு என்னைக் கும்மிடிப்பூண்டி டாக்டரிடம் அழைத்துப் போனான். நடுக்குவாதத்துக்கு நான் சாப்பிடும் மாத்திரையைக் குறைக்கச் சொல்லத்தான் போயிருக்கிறான். அங்கே போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது. மாத்திரை ஏறினால் நடுக்கம் நின்று உடம்பு தானாக நெளிந்து ஆடும், ஆனால் நான் நடப்பேன்.

"எம் பொண்ணு நிச்சயத்துல நைனா ஆடிக்கினே இருந்தாரு சார். குடிச்சிட்டு வந்துக்கிறாருன்னு சம்பந்தி ஊட்ல பேசிக்கினாங்க. கல்யாணம் வேற வருது, கொறைச்சிடுங்க" என்று என்னைக் காட்டி டாக்டரிடம் சொன்னான்.

"ஆடுனா ஆடட்டும் சார். கொறைச்சா காலே நவுராது" என்றேன். இந்த நோயில் என் குரலும் சின்னதாகிவிட்டது.

டாக்டர் அவனைப் பார்த்து, "என்ன சொல்றாரு?" என்றார்.

"ஒண்ணுமில்ல சார், சும்மா மொணமொணப்பாரு."

ஒரு மாத்திரை அரையாகிவிட்டது.

மாசியில் இதே அரை மாத்திரை சாப்பிட்டபோதுதான் பாத்ரூம் வாசலில் விழுந்தேன்; அதற்குப் பிறகுதான் அது முழு மாத்திரையானது. தூக்கியவனே அவன்தான். அவனுக்கு மறந்துவிட்டது. எனக்கு மறக்கவில்லை.

இப்போது ஒன்றுக்கு முட்டுகிறது. கால் தரையோடு ஒட்டிக்கொண்டது. அவனைக் கூப்பிட மாட்டேன். சம்பந்தி வீட்டார் வந்து தூக்கட்டும்.