கறுப்பு வட்டம்

மார்ச் 4

நேற்று நடந்ததை மனம் போன போக்கில் எழுதினால் எனக்கு நானே சலுகை கொடுத்துக்கொள்வேன். ஆகவே முதலில் வரிசை:

1. உயிரோடிருக்கும் ஒருவன் இறந்துவிட்டதாகச் செய்தி எப்படிப் பரவியது.
2. அதில் என் பங்கு.
3. யாருக்கு என்ன தீங்கு.
4. எங்கள் பத்திரிகையாக இருந்திருந்தால் இது நடந்திருக்காது.

மற்ற மூன்றையும் யோசித்துத்தான் எழுத வேண்டும். நான்காவதில் மட்டும் எனக்குச் சந்தேகமில்லை.

மார்ச் 5

முதலாவது. ஒரே பத்திரிகையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற அறுபத்திரண்டு பேர் ஒரு வாட்ஸ்அப் குழுவில் இருக்கிறோம். எங்கள் புகைப்படக்காரனை எல்லோரும் ‘நெகட்டிவ்’ என்றுதான் கூப்பிடுவோம். மூன்றாம் தேதி காலை கண் அறுவைக்காக அவன் மருத்துவமனைக்குப் போனான். கொஞ்ச நேரத்தில் குழுவில் அவன் முகம் இருந்த இடத்தில் வெறும் கறுப்பு வட்டம். அச்சுக்கூட ஃபோர்மன் அதைப் பார்த்திருக்கிறார். அவனை அழைத்திருக்கிறார், ஃபோன் அணைந்திருந்தது. ஆஸ்பத்திரி, கறுப்பு, ஃபோனும் இல்லை – “நம்ம நெகட்டிவ் போயிட்டான்” என்று போட்டுவிட்டார்.

இரண்டாவது. அடுத்த வரியிலேயே அவர் எழுதினார்: “காலமானார் சார், நீங்களே முறையா எழுதிப் போடுங்க.”

காலமானார் சார் என்பது நான். இருபத்தொன்பது ஆண்டுகள் மறைவு அறிவிப்புகள் என் மேசை வழியாகத்தான் போயின. ஒரு விதி வைத்திருந்தேன். வீட்டுக்கு ஒரு ஃபோன், வீட்டுக்கு வெளியே ஒருவருக்கு ஒரு ஃபோன். இருவரும் ஆமாம் என்றால்தான் அச்சுக்குப் போகும்.

நேற்று முன்தினம் ஒரு ஃபோன்கூடச் செய்யவில்லை. ஏன்? பதினொரு வருஷமாக யாரும் என்னிடம் எதையும் எழுதித் தரச் சொன்னதில்லை. வேறு காரணம் தேடிப் பார்த்தேன், இல்லை.

வயது எழுபத்து நான்கு, பணி முப்பத்தைந்து ஆண்டுகள், ஒரே மகள். கடைசியில் ‘பிழை அறியாத கை’ என்று சேர்த்தேன். ஆறு நிமிடத்தில் முடிந்தது. ஃபோர்மன் போட்டதற்குக் கீழே இரண்டு பேர் ‘நிஜமாவா?’ என்று கேட்டிருந்தார்கள். நான் போட்ட பிறகு யாரும் கேட்கவில்லை. ஐம்பத்தெட்டுக் கும்பிடும் கைகள். அங்கிருந்து எத்தனை குழுக்களுக்குப் போயிற்றோ.

மத்தியானம் இரண்டு மணிக்கு ஒரு குரல் பதிவு. அவனுடையது. “மயக்கம் தெளிஞ்சு பாத்தா செத்திருக்கேன். எத்தனை மணிக்கு எடுக்கிறீங்கன்னு சொல்லுங்கப்பா, நானும் வந்துடறேன்.”

குழுவே சிரித்தது. நான் ஃபோனை மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன்.

மார்ச் 7

மூன்றாவது. அவன் மகள் அழைத்தாள். வேறு ஊரில் இருக்கிறாள். சின்ன ஆபரேஷன்தான், வரவேண்டாம் என்று அவன்தான் சொல்லியிருக்கிறான். யாரோ அவளுக்கு இரண்டு செய்திகளையும் அனுப்பிவிட்டார்கள்.

“ஃபோர்மன் மாமா போட்டதை நான் நம்பல, அங்கிள். அவர் எப்பவும் அப்படித்தான். அடுத்தது நீங்க போட்டிருந்தீங்க. அதுக்கப்புறம்தான் அழுதேன்.”

மன்னிப்புக் கேட்டேன்.

“மூணு மணி நேரம் எனக்கு அப்பா இல்ல, அங்கிள்.”

கோபமே இல்லாமல் சொன்னாள். திட்டியிருக்கலாம்.

மார்ச் 8

அவனுக்கு ஃபோன் செய்யவில்லை.

மார்ச் 9

இன்றும் இல்லை.

மார்ச் 11

அவனே அழைத்தான்.

“என்னப்பா காலமானார், உயிரோட இருக்கியா? துக்கம் விசாரிக்கக்கூட வரல?”

அந்தக் கறுப்பு வட்டம் என்னவென்று கேட்டேன். ஆபரேஷனுக்கு முன்னால் தன்னைத் தானே படமெடுத்துப் போட்டிருக்கிறான். விரல் லென்ஸை மறைத்திருக்கிறது. அவனுக்குத் தெரியவில்லை. “முப்பத்தஞ்சு வருஷம் கேமரா புடிச்சவன் எடுத்த போட்டோவைப் பாத்தியா!” என்று சிரித்தான்.

பிறகு குரல் தணிந்தது. “நீ எழுதினதைப் பொண்ணு படிச்சுக் காட்டினா. பிழை அறியாத கைன்னு போட்டிருக்கே. அந்த ஒரு படத்தை நீ மறக்கல, வேணும்னுதான் விட்டுட்டே. எனக்குத் தெரியும். பெரிய மனசுப்பா உனக்கு.”

“ம்” என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

மார்ச் 12

எழுதத்தான் வேண்டும். வரிசையில் இது இல்லை, ஆனாலும்.

முப்பத்தோரு ஆண்டுகளுக்கு முன் ஒரு மறைவு அறிவிப்பில் படம் மாறி வந்தது. படத்திலிருந்த பள்ளி ஆசிரியர் அன்று காலையே பத்திரிகையைக் கையில் பிடித்துக்கொண்டு அலுவலகத்துக்கு வந்தார். “நான் இருக்கேன் சார்” என்றார். நிர்வாகி படம் கழுவும் இருட்டறைக்கு ஆள் அனுப்பினார். நெகட்டிவ் ஈரக் கையோடு வந்தான். “அவசரத்துல நான்தான் மாத்திப் பிரிண்ட் போட்டிருப்பேன்” என்றான். உண்மையாகவே அப்படி நம்பினான். கேமராவை வாங்கிக்கொண்டு மூன்று வருஷம் அவனைப் பழைய படங்களை அடுக்கும் அறையில் உட்கார வைத்தார்கள்.

அன்று சாயங்காலம் என் மேசைக்கு அடியில் ஓர் உறை கிடைத்தது. ஆசிரியரின் படத்தை உள்ளே வைத்து நான் இருட்டறைக்கு அனுப்பி, திரும்பி வந்த உறை. மேலே இறந்தவர் பெயர், என் கையெழுத்தில். இரண்டு ஃபோன்களும் செய்திருந்தேன். செத்தது உண்மைதானா என்று கேட்டேன். படம் யாருடையது என்று பார்க்கவில்லை.

ஒரு மாடி இறங்கினால் இருட்டறை. இறங்கவில்லை. உறை இன்னும் என்னிடம் இருக்கிறது.

மார்ச் 15

குழுவில் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். எழுதினேன், அழித்தேன். எழுதினேன், அழித்தேன். நான் தட்டிக்கொண்டிருப்பது எல்லோருக்கும் தெரியும் என்பது எனக்குத் தெரியாது. ஃபோர்மன் போட்டார்: “காலமானார் சார் ஒரு மணி நேரமா டைப் பண்றாரு. இந்தத் தடவை யாரு?”

நாற்பது சிரிப்பு முகங்கள். அழித்துவிட்டேன்.

மார்ச் 19

உறையை எடுத்துக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனேன். மகள் வந்திருந்தாள். கதவைத் திறந்தவள் என்னைப் பார்த்துவிட்டு, “அப்பா உள்ளே இருக்கார் அங்கிள், உயிரோடதான்” என்றாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். கட்டுப் பிரித்தாகிவிட்டது, வெளிச்சம் மட்டும்தான் தெரிகிறதாம், இன்னொரு கண் ஏற்கெனவே போய்விட்டது என்று தாழ்ந்த குரலில் சொன்னாள்.

உறையை அவன் கையில் கொடுத்தேன். தடவிப் பார்த்தான். “என்னப்பா இது? படிக்க முடியாதே.”

கோழை நான். அவன் படித்துக்கொள்வான், நான் பேசவேண்டியிராது என்று நினைத்துத்தான் எடுத்துப் போயிருக்கிறேன். சொல்லவேண்டியதாயிற்று. சொன்னேன்.

உறையை மடியில் வைத்துக்கொண்டான். பிறகு, “அதுக்கப்புறம் ஒவ்வொரு பிரிண்டையும் நாலு தடவை பாப்பேன். சரியா இருந்தாலும் சரியில்லையோன்னு தோணும். என் கண்ணை நானே நம்பல. நல்லா இருந்த கண்ணு, இல்ல?”

“ஆமாம்” என்றேன்.

“என் சாவை எங்கே போட்டியோ அங்கேயே இதையும் போடு” என்றான். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். மகள் காபி போட்டிருந்தாள். யாரும் குடிக்கவில்லை.

மார்ச் 20

போட்டேன். திருத்தம் என்று தலைப்பிட்டு ஏழு வரி. முதலில் அவன் மகளுக்கு ஃபோன் செய்து படித்துக் காட்டினேன், அடுத்து ஃபோர்மனுக்கு. “இதெல்லாம் இப்ப எதுக்கு சார்?” என்றார். போடப்போகிறேன் என்றேன்.

எல்லோரும் பார்த்துவிட்டார்கள். ஒரு கை, ஒரு முகம்கூட வரவில்லை.

மார்ச் 28

அவன் அழைக்கவில்லை. இரண்டு முறை நான் அழைத்தேன். “தூங்கறார் அங்கிள்” என்றாள் மகள். பகல் பதினொரு மணி. குழுவில் அவன் இடத்தில் இன்னும் அந்தக் கறுப்பு வட்டம்தான். மகள் மாற்றித் தரலாம். அவன் வேண்டாம் என்றிருப்பான்.

வரிசையைச் சரிபார்த்தேன். முதல் மூன்றும் எழுதியாயிற்று.

எங்கள் பத்திரிகையில் நடந்திருக்காது என்று நான்காவதாக எழுதியது தவறு. எங்கள் பத்திரிகையில் நடந்தது. மறுநாளே திருத்தமும் வந்தது, நாலாம் பக்கத்தில்: ‘புகைப்படப் பிரிவின் கவனக்குறைவால் நேர்ந்த பிழைக்கு வருந்துகிறோம்.’ அதை எழுதியது நான். உறை கிடைத்த பிறகு எழுதினேன்.