அம்மாவின் முட்டியும் ரிசார்ட்டின் வெந்நீரும்

ஜூன் 10, செவ்வாய்
விடிந்ததிலிருந்து மழை. சின்னக்கானல் முழுக்க மூடுபனி. நான் வேலை பார்க்கும் ரிசார்ட்டில் பாதி அறை காலி. ஸ்பாவில் ஒரு டவல்கூடக் காயவில்லை. வாங்க வேண்டியது: அம்மாவுக்குத் தைலம், சீயக்காய், பல்பு.

மூட்டுத் தேய்மானத்துக்கு மழைக்கால பேக்கேஜ் போடுகிறார்களாம். பத்து நாள் வெந்நீர்க் குளியல், எண்ணெய் தடவல், தண்ணீருக்குள் கால் பயிற்சி. விளம்பரப் படத்துக்கு ஆள் தேடுகிறார்கள். மேனேஜர் தன் மலையாளம் கலந்த தமிழில் என்னிடம், "செல்வி, உன்னுடெ அம்மா எஸ்டேட்ல கொழுந்து எடுத்ததல்லே? கூட்டிட்டு வா. நல்ல முகம்."

அம்மாவுக்கு இரண்டு முட்டியும் போய்விட்டது. முப்பது வருஷம் சரிவில் ஏறி இறங்கிய கால். சிகிச்சையும் கிடைக்கும் என்று நினைத்துச் சரி என்றேன். மடச்சி நான்.

ஜூன் 11, புதன்
அம்மாவைத் தொட்டியில் உட்கார வைத்தோம். மார்பளவு வெந்நீர். கண்ணை மூடிக்கொண்டாள். "ஏட்டி, இம்புட்டு சுகமாவா இருக்கும்?"

பத்து நிமிஷம். படம் எடுத்தார்கள். "மதி, மதி. போதும், அம்மா எழுந்திரிக்கட்டும்" என்றார் மேனேஜர். சிகிச்சை எப்போது என்று கேட்டேன். "அது கெஸ்டுக்கு உள்ளதல்லே?"

ஈரச் சேலையோடு நடுங்கிக்கொண்டு நின்றாள் அம்மா. நான் "சரி சார்" என்று சொல்லிவிட்டு டவல் எடுக்கப் போனேன். அதுதான் இன்னும் எரிகிறது.

ஜூன் 14, சனி
வரவேற்பறைச் சுவரில் அம்மா. ஆள் உயரப் படம். கீழே: 'பத்தே நாளில் முட்டிவலி போச்சு!'

பச்சைப் பொய். இங்கே வரும் டாக்டரே சொல்வார்: வலி குறையும், நடை கொஞ்சம் இலகுவாகும், தேய்ந்த ஜவ்வு திரும்ப வளராது. வீட்டுக்கு வந்தால் அம்மா லயத்து வரிசை வீட்டின் படியில் பின்பக்கமாக இறங்கிக்கொண்டிருக்கிறாள். முன்பக்கமாக இறங்க முட்டி விடாது.



ஜூன் 16, திங்கள்
கொல்லங்கோட்டிலிருந்து ஒரு ரிட்டயர்ட் டீச்சர். முட்டிவலி. பேக்கேஜுக்கு வந்தவர். எண்ணெய் தடவும்போது கேட்டார்: "ஏம்மா, அந்தப் படத்துல இருக்கறவிங்களுக்கு நெசமாலுமே செரியாயிருச்சா?"

"அது எங்கம்மா, டீச்சர். அவங்க தண்ணியில இருந்தது பத்து நாள் இல்ல. பத்து நிமிஷம்."

எண்ணெய்க் காலோடு நேரே வரவேற்பறைக்குப் போய்விட்டார். அவர் போட்ட சத்தம் ஸ்பா வரை.

மேனேஜர் என்னையும் அங்கே கூப்பிட்டார். "வேலை வேண்டாமா உனக்கு?"

"படத்தக் கழட்டுங்க சார். இல்லன்னா அதுல போட்ட பத்து நாள எங்கம்மாவுக்குக் குடுங்க."

டீச்சர் அந்த இடத்தை விட்டு நகரவில்லை. அவரைப் பார்த்துக்கொண்டே மேனேஜர், "செரி. காலையில ஆறு மணி. கெஸ்ட் வரும் முன்னே. ஒராள் மாத்ரம்."

ஜூன் 17, செவ்வாய்
மழை விட்டிருந்தது. கிளம்பினால், வாசலில் பேச்சியக்காவும் செல்லத்தாயியும். அம்மாவோடு ஒன்றாகக் கொழுந்து எடுத்தவர்கள். அதே முட்டி.

"நாந்தான் வரச் சொன்னேன்" என்றாள் அம்மா.

"ஒருத்தருக்குத்தாம்மா சொல்லிருக்காங்க."

"மூணு பேரு எறங்குனா தண்ணி வத்தியா போவும்?"

மூவரும் தொட்டிக்குள். காலை நீட்டி மடக்கச் சொல்லிக்கொடுத்தேன். பேச்சியக்கா அழுதாள். வலியில் இல்லை.

கதவில் இடி. "செல்வி! அகத்து எத்ர பேர்?"

"மூணு பேர் சார். நாளைக்கும் மூணு பேர்தான்." உள்ளிருந்தே கத்தினேன். திறக்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் தட்டுவது நின்றது. வெந்நீர்க் குழாயை இன்னும் நன்றாகத் திறந்துவிட்டேன்.