தனத்துக்கு, கவுச்சி இல்லாத வீட்டிலிருந்து

என் ஆசைத் தனத்துக்கு,

நலமா என்று கேட்டால் நீ முறைப்பாய். அஞ்சாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவனுக்கு வேறு மாதிரி கடிதம் தொடங்கத் தெரியாது, பொறுத்துக்கொள். மஞ்சள் காமாலையில் நீ போய் எட்டு மாதம் ஆகிறது. இப்போது நான்தான் சமைக்கிறேன். சிரிக்காதே. சுடுதண்ணியைக்கூட அடிப்பிடிக்க விடுகிற ஆள் என்று தெருவெல்லாம் சொன்னாயே, அதே ஆள்தான்.

அதுவும் சைவம். உன் பெரிய மகள் கவிதா செய்த வேலை. கருமாதிக்கு மறுநாள் சொந்தக்காரர்கள் கறி ஆக்கிப் போட்டார்கள். துக்கம் முடிந்தது என்பதற்கு அதுதானே அடையாளம். பன்னிரண்டு வயதுப் பிள்ளை இலையைத் தள்ளி வைத்துவிட்டாள். "கறி சாப்ட்டா அம்மாவுக்கு முடிஞ்சிடுச்சுன்னு அர்த்தமாமே. எனக்கு முடியல" என்றாள். அன்றிலிருந்து வீட்டில் கவுச்சி கிடையாது. அக்கா தொடாததைச் சின்னவளும் தொடமாட்டாள்.

எனக்கு என்ன தெரியும் தனம்? காய்கறி என்றால் மீன் குழம்பில் கிடக்கிற மாங்காய் என்று இருந்தவன். நான் ஓட்டுகிற டெம்போவில் ஏறுகிற பெண்களிடமெல்லாம் கேட்டேன். "இன்னிக்கு உங்க வூட்ல என்னாக்கா கொழம்பு?" முதலில் முறைத்தார்கள். பிறகு காலாப்பட்டு வரைக்கும் சொல்லிக்கொண்டே வந்தார்கள். ஒரு அக்கா கருணைக்கிழங்கு மசியல் சொன்னாள். புளி ஊற்றச் சொல்வதற்குள் அவள் இறங்கும் இடம் வந்துவிட்டது. அன்று மூன்று பேரும் தொண்டைக்குள் கையைவிட்டுச் சொறிய முடியாமல் உட்கார்ந்திருந்தோம்.

எதை ஆக்கினாலும் நாலு வாய்க்கு மேல் உள்ளே போகவில்லை. கவிதாவுக்குக் கழுத்தெலும்பு தெரிய ஆரம்பித்தது. பயத்தில்தான் அந்தக் காரியத்தைச் செய்தேன். சென்னாக்குனி, அந்தப் பொடி இறால் கருவாட்டை வறுத்து இடித்துக் கத்திரிக்காய்க் குழம்பில் கலந்தேன். இரண்டும் தட்டை வழித்துச் சாப்பிட்டன. "யப்பா, இன்னிக்குத்தான் கொழம்பு மாதிரி இருக்குது" என்றாள் கவிதா. எனக்குத் தலைகால் புரியவில்லை. இரண்டு வாரம் அதையே செய்தேன்.

ஒருநாள் சின்னவள் சோற்றைக் கிளறிக்கொண்டே கேட்டாள். "யப்பா, கத்திரிக்காய்க்குக் கண்ணு இருக்குமா?"

கவிதா கத்தவில்லை. பின்பக்கம் போய்த் தொண்டையில் விரலைவிட்டு வாந்தி எடுத்தாள். வந்து நின்று, "எத்தினி நாளா?" என்றாள்.

"ரெண்டு வாரமா."

"அப்போ ரெண்டு வாரமா அம்மாவுக்கு முடிஞ்சு போச்சா?"

எதற்கும் ஒரு பதில் வைத்திருப்பேனே, உன் அப்பாவையே மடக்கியவன். அன்று குழம்புச் சட்டியைத் தூக்கிக்கொண்டுபோய்ச் சாக்கடையில் கொட்டினேன்.

அதற்குப் பிறகு கவிதா என் கையால் தண்ணீர்கூட வாங்கவில்லை. கடைப் பன்னும் வாழைப்பழமும்தான். நாலாம் நாள் டெம்போ ஸ்டாண்டுக்குப் பக்கத்து எஸ்டிடி பூத்துக்குப் போன் வந்தது. பள்ளிக்கூடத்தில் பிரேயரில் மயங்கி விழுந்துவிட்டாளாம். சேதி விழுப்புரத்துக்கும் போய், உன் அக்கா வந்துவிட்டாள். "தம்பி, உனக்குச் சிரிக்க வைக்கத் தெரியும். சோறு போடத் தெரியல. ஞாயித்துக்கெழம வந்து ரெண்டையும் கூட்டினு போறேன்." திட்டியிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன். அழுதுகொண்டே சொன்னாள். பிள்ளைகளும் போய்விட்டால் இந்த வீட்டில் நான் எதற்கு? நீயே சொல்லு.

ஞாயிற்றுக்கிழமை காலை கவிதாவை அடுப்புக்கு எதிரே உட்கார வைத்தேன். "எல்லா டப்பாவையும் நீயே தொறந்து மோந்து பாரு." ஒன்று விடாமல் பார்த்தாள். முருங்கைக்கீரை போட்டுப் பருப்பு வைத்தேன். தட்டை நீட்டினேன். வாங்கவில்லை.

"மத்தியானம் டெம்போ ஸ்டாண்டுல நீ என்னா சாப்புடற?"

பொய் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினேன். "மீனு. சில நாளு கறி."

"கருமாதிலேர்ந்தா?"

"ஆமாம்மா."

"அப்போ எனக்கு மட்டுந்தான் முடியலையாப்பா?"

நீ போன பிறகு பிள்ளைகள் எதிரில் ஒருநாள்கூட நான் அழவில்லை, தனம். பயந்துவிடுமே என்று கேலி பேசிக்கொண்டே இருந்தேன். அவளுக்கு அது எப்படித் தோன்றியிருக்கும்? அன்று அடுப்படியிலேயே உட்கார்ந்து அழுதேன். எத்தனை நேரம் என்று தெரியாது. சின்னவள் ஓடிவந்து என் வாயைப் பொத்தினாள். கவிதா தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

உன் அக்கா வந்தபோது அவள் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அரைத் தட்டுதான். அக்கா பையைக் கீழே வைக்காமலே பார்த்துவிட்டு, "பொங்கல் வரைக்கும் பாக்கறேன் தம்பி" என்று சொல்லிப் போயிருக்கிறாள். பொங்கலுக்கு எத்தனை நாள் இருக்கிறது? நாளைக்கு என்ன ஆக்குவது என்பதே எனக்குத் தெரியவில்லை.

ஒன்று மட்டும் உனக்குச் சொல்கிறேன். இப்போது ஸ்டாண்டிலும் தயிர்சாதம்தான். சாமியாரே என்று கூப்பிடுகிறார்கள், கூப்பிடட்டும். கவிதாவாக ஒருநாள் மீன் கேட்டால் அன்றைக்கு வாங்குவேன். கேட்கவே இல்லையென்றால் என் கட்டை வேகிற வரைக்கும் நானும் தொடமாட்டேன். இனி அவளைத் தனியாகத் துக்கம் காக்க விடமாட்டேன்டி.

உன் ரெண்டு பொண்ணுங்களுக்கு அப்பன்,
உன் மாமன் ஏழுமலை